ஷாக் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

புதுவயல் மில்லில் 25 கிலோ அரிசிப் பையை முன்னால் வைத்து, பின்னால் ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடி வரும் நூறு சிசி வண்டியைப் பின்னாலிருந்து பாருங்கள். மட்கார்டு டயரைத் தொட்டுவிடும்போல இருக்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஊர் எல்லை வேகத்தடையில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும், பின்னால் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். மறுநாளே வண்டிக்காரர் கடையில் நின்று, "அண்ணே, நல்லா கெட்டியா ஒரு ஜோடி ஷாக் குடுங்க" என்பார்.

அந்தக் 'கெட்டி' என்ற சொல்லில்தான் காசு வீணாகிறது. ஷாக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியில் பெரும்பாலும் செத்துப்போயிருப்பது எண்ணெய்ப் பக்கம்தான், ஸ்பிரிங் அல்ல. எண்ணெய் செத்த வண்டிக்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டால் முன்பு மெதுவாகக் குதித்தது இனி வேகமாகக் குதிக்கும், அவ்வளவே.

இங்கே சொல்வது இரண்டு பக்கமும் தனித்தனி ஷாக் உள்ள சின்ன வண்டிகளுக்கு: ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி, ஷைன், பழைய ஆர்எக்ஸ் 100 போன்றவை. சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷாக் உள்ள வண்டிகளின் கணக்கு வேறு.

நோய் ஷாக்கில்தானா?

வண்டியை ஸ்டாண்டு எடுத்து நிமிர்த்திப் பிடித்து, சீட்டின் பின்பகுதியை இரு கையாலும் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து, கொஞ்சம் இறங்கி, நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் எண்ணெய் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக ஓடினால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டு ஆடும், வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்து, மேல் கவருக்குக் கீழே கம்பி உள்ளே போகிற இடத்தை விரலால் தடவுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. செம்மண் ஒட்டிக் கருப்புக் களிம்பாகி, கீழே வழிந்திருந்தால், எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது. சீல் தானாகக் கெடுவது குறைவு. மண் துகள் ஒட்டிய கம்பி உள்ளே போய்வருவதால் அறுபடுகிறது. கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும் தினமும் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும்.

ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் வேறு மூன்றைப் பார்த்துவிடுங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு ஸ்விங் ஆர்மின் பின் நுனியை இடம் வலமாகத் தள்ளுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் ஸ்விங் ஆர்ம் சுழலும் இடத்திலுள்ள புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு விலை ஷாக் போட்டாலும் அந்த நெளிப்பு போகாது. ஸ்விங் ஆர்ம் ஆடாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். மூன்றாவது காற்று. ஒருவர் போவதற்கு ஒரு அளவு, இருவர் போவதற்கு அதைவிடக் கூடுதலான ஒரு அளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பலர் வருடம் முழுக்க ஒரே காற்றில் ஓட்டிவிட்டு ஷாக்கைத் திட்டுகிறார்கள்.

ஐந்து படி எதற்கு

ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் இருக்கும், பெரும்பாலும் கீழ்ப்பக்கம். கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பினால் படி மாறும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத வண்டிகளே அதிகம்.

படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்பது தப்பு. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதால் வண்டி உயரமாக நிற்கிறது. அதனால் கீழே முட்டுவதற்கு முன் கூடுதல் இடம் கிடைக்கிறது. தனியாகப் போகிறவருக்கு முதல் அல்லது இரண்டாம் படி, இருவர் எப்போதும் போனால் மூன்று அல்லது நான்கு, மூட்டையும் சேர்ந்தால் ஐந்து என்று தொடங்கலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். திருப்பும் முன் வளையத்தில் ஒட்டிய மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மண்ணோடு திருப்பினால் படியின் முனை மழுங்கி, அப்புறம் பள்ளத்தில் விழும்போது தானாகக் கீழ்ப்படிக்கு நழுவும்.

படியை மாற்றியதிலேயே பிரச்சினை தீர்ந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், காசு மிச்சம்.

உட்காரும் அளவை எடுப்பது

இதுதான் முழு வேலையின் உயிர். ஒரு டேப், கொஞ்சம் பேப்பர் ஒட்டு, ஒரு பேனா, கூட ஓர் ஆள் போதும். பின் அச்சின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே, கைப்பிடிக் கம்பியிலோ பாடியிலோ பேப்பர் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். அச்சு நடுவிலிருந்து அந்தக் கோடு வரை நான்கு அளவு எடுக்க வேண்டும்.

முதல் அளவு நடு ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது. இரண்டாவது, ஸ்டாண்டை எடுத்து, ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் நிற்கும்போது. மூன்றாவது, ஓட்டுபவர் கால்களை மிதியில் வைத்து உட்காரும்போது. இன்னொருவர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். நான்காவது, வழக்கமான முழுச் சுமையோடு. ஒவ்வொரு முறையும் வண்டியை ஒரு தடவை அமுக்கி விட்டு ஓர் அளவு, தூக்கி விட்டு ஓர் அளவு எடுத்து, இரண்டுக்கும் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். புஷ்ஷின் உரசலில் வண்டி நிற்கிற இடம் ஐந்தாறு மி.மீ. மாறும். ஒரே அளவை நம்பினால் ஏமாறுவீர்கள்.

எடுத்துக்காட்டாக 520, 511, 493, 462 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் அளவிலிருந்து கழித்தால், ஓட்டுபவரோடு 27 மி.மீ., முழுச் சுமையோடு 58 மி.மீ. உட்காருகிறது. இவ்வகை வண்டிகளில் பின்சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்த தூரம் பெரும்பாலும் 80 முதல் 110 மி.மீ. வரை. 80 உள்ள வண்டியில் 58 போனால் பள்ளத்துக்கு மிச்சம் 22 மி.மீ. செஞ்சரளைத் தடத்தில் ஒரு கல்லின் உயரமே அதைவிட அதிகம்.

பொது விதி: ஓட்டுபவரோடு உட்காருவது மொத்த தூரத்தில் 30 முதல் 35 சதவீதம், வண்டி வெறுமனே உட்காருவது 5 முதல் 15 மி.மீ. வரை இருக்கலாம். வண்டி தன் எடையில் துளிகூட உட்காராமல், ஓட்டுபவர் ஏறியதும் 35 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பிரிங் அந்த எடைக்கு மெலிந்தது, படியை ஏற்றி ஒப்பேற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வண்டிக்குத்தான் நிஜமாகவே தடித்த ஸ்பிரிங் வேண்டும்.

எவ்வளவு தடிப்பு?

ஸ்பிரிங்கின் வலு அதன் கம்பியின் தடிப்பைப் பொறுத்து நான்காம் அடுக்கில் ஏறும். சுருளின் அகலத்தைப் பொறுத்து மூன்றாம் அடுக்கில் இறங்கும். சுற்று கூடினால் அதே விகிதத்தில் குறையும். 7 மி.மீ. கம்பி, 45 மி.மீ. சராசரி விட்டம், வேலை செய்யும் சுற்று 14 என்றால், ஒரு ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க ஏறத்தாழ 1.9 கிலோ வேண்டும். அதே அளவில் கம்பி மட்டும் 7.5 ஆனால் 2.5 கிலோ. அரை மி.மீ. தடிப்புக்கு மூன்றில் ஒரு பங்கு வலு கூடிவிடுகிறது. கடையில் இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தடிப்பை அளக்கும் வெர்னியர் இல்லாமல் 'இது கெட்டி' என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஷாக் சாய்ந்து, அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டப்பட்டிருப்பதால், சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் அமுங்குவது எட்டரை மி.மீ. அளவுதான் என்று வையுங்கள். அப்போது மேலே சொன்ன 7 மி.மீ. ஜோடி, சக்கரத்தில் ஒரு மி.மீ.க்கு 2.7 கிலோ அளவில் நிற்கும். பின்சக்கரத்தில் 80 கிலோ கூடினால் ஏறத்தாழ 30 மி.மீ. இறங்கும். 7.5 கம்பியில் 22 அல்லது 23 மி.மீ. ஏழு மி.மீ. மிச்சம். அந்த ஏழுக்காகத் தனியாகப் போகும் நாளெல்லாம் பேவர் பிளாக் தெருவில் முதுகெலும்பு அதிர வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் மூட்டை ஏற்றுகிறவர் பழைய தடிப்பிலேயே நல்ல எண்ணெய் உள்ள ஷாக்கை வாங்கி, அந்த ஒருநாள் மட்டும் படியை ஏற்றுவது மேல். தினமும் பால் கேன் கட்டுகிறவருக்கும், ஆத்தங்குடிக் கல் சுமக்கிறவருக்கும் தடித்த ஸ்பிரிங்தான்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிக் கெட்டியாக்கும் வழக்கம் உண்டு. 14 சுற்றில் ஒன்றை வெட்டினால் வலு கூடுவது ஏழெட்டு சதவீதம். உயரம் குறைவதோ ஒரு சுற்றின் இடைவெளி முழுக்க. வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தி, ஷாக்கின் கம்பியைச் சாய்த்து, சீலைத் தின்றுவிடும். ஆட்டோ ஸ்பிரிங்கை மாட்டுவதும் இதே ரகம். அதைத் திரும்ப அடக்கும் எண்ணெய்த் தடை அந்தச் சின்ன ஷாக்கில் கிடையாது.

கடைக்குப் போகும்போது குறித்துப் போக வேண்டியவை

"கண்ணுக்குக் கண்ணு எவ்வளவு?" இதுதான் விவரம் தெரிந்த கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி. மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை, சக்கரம் தொங்கும் நிலையில் உள்ள நீளம் அது. கீழ்முனை வளையமா கவட்டையா, துளையின் உள்விட்டம் 10-ஆ 12-ஆ, புஷ்ஷின் அகலம் எவ்வளவு, இரண்டு வாசர்களுக்கு நடுவே இடம் எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலது இடது இரண்டையும் அளக்க வேண்டும். வண்டி பெயரைச் சொல்லி வாங்கினால் போதாதா என்றால், ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் மாட்டும் இடம் மாறிய வண்டிகள் உண்டு.

நீளம் பழையதைவிட 10 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ வேண்டாம். உயரமான ஷாக் போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்துவது பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் நடு ஸ்டாண்டு போட்டாலும் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பாது. பக்க ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மேல் சாயும். முன்பக்கம் தலை குனிவதால் திருச்சி-ராமேஸ்வரம் சாலையில் வேகம் எடுத்தால் கைப்பிடி படபடக்கும். செயின் ஸ்விங் ஆர்மின் மேலே உராயத் தொடங்கும். ஷாக்கின் கீழ்முனையில் இரும்புத் துண்டு வைத்து உயரம் கூட்டுவது இன்னும் மோசம். எடை நேராக இறங்காமல் தள்ளி இறங்குவதால் போல்ட்டு வளைந்து ஒருநாள் முறியும்.

நீளத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள், பலர் இதைத்தான் விடுகிறார்கள். முழு நீளத்திலிருந்து அமுங்கும் தூரத்தைக் கழித்தால் வருவது, ஷாக் முழுக்க அமுங்கிய நீளம். புதிய ஷாக்கில் அது பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. குறைந்தால் ஷாக்கின் ரப்பர் முட்டுவதற்கு முன்பே டயர் மட்கார்டில் முட்டும். அங்கே ஓடும் டெயில்லைட் ஒயரை டயர் அறுத்துவிடும்.

எண்ணெய் மட்டும் உள்ளதா, கேஸ் அடைத்ததா? ஷாக்குக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளுகிறது. அந்தத் தடைதான் ஆட்டத்தை அடக்குகிறது. சரளைத் தடத்தில் பத்து நிமிடம் விடாமல் ஓடினால் உள்ளிருக்கும் காற்றும் எண்ணெயும் கலந்து நுரைக்கும். நுரை துளை வழியே தடையில்லாமல் ஓடிவிடும், ஷாக் ஆளைத் தூக்கிப்போடத் தொடங்கும். நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். 'போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு' என்ற புகார் பலமுறை இதுதான். நைட்ரஜன் அடைத்த ஷாக்கில் எண்ணெய் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் சீக்கிரம் நுரைக்காது. ஊர்த் தெருவும் தார் ரோடுமாக ஓடும் வண்டிக்கு எண்ணெய் ஷாக் தாராளமாகப் போதும். மண் தடமே தொழில் என்றால் கேஸ் ஷாக்குக்குக் கூடுதல் காசு தரலாம்.

பக்கத்தில் சின்ன சிலிண்டர் ஒட்டியதெல்லாம் கேஸ் ஷாக் இல்லை. சில மலிவுச் சரக்கில் அது வெறும் அலங்காரம், உள்ளே வழியே இருக்காது. கம்பியைக் கையால் அமுக்க முடிகிற மாதிரி ஸ்பிரிங் இல்லாமல் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். கேஸ் அடைத்ததில் கம்பி தானாக மெல்ல வெளியே வரும். கழற்றிக் காட்ட எந்தக் கடையும் ஒப்பாது என்பதால், நடைமுறையில் பெயருள்ள கம்பெனிச் சரக்கை, பெட்டியில் பாக நம்பரும் பில்லும் பார்த்து வாங்குவதே வழி. முஞ்சால் ஷோவா, எண்ட்யூரன்ஸ், ஓசூரில் ஆலை உள்ள கேப்ரியல் ஆகியவை வண்டிக் கம்பெனிகளுக்கே ஷாக் செய்து தருபவை. உங்கள் வண்டியில் வந்த ஷாக்கின் உடம்பிலேயே இவற்றில் ஒரு பெயர் இருக்கக்கூடும், துடைத்துப் பாருங்கள்.

ரீகண்டிஷன் ஷாக் பற்றி ஒரு வார்த்தை. அடைத்த குழாயில் ஓட்டை போட்டு, கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துத் தருவது ரீகண்டிஷன் ஆகாது. வெல்டு சூட்டில் சீல் பாதி கருகிவிடும். கேஸ் ஷாக்கில் யாராவது ஓட்டை போடுகிறேன் என்றால் நீங்கள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கிறது.

கழற்றி மாட்டுவது

வேண்டியவை: 14, 17 நம்பர் ரிங் ஸ்பேனரும் பாக்ஸும், 10, 12 நம்பர் ஸ்பேனர், கொக்கி ஸ்பேனர், ரப்பர் சுத்தி, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, இரண்டு அங்குல மரக்கட்டை ஒன்று, புது வாசர், புது கப் நட்டு. கிரீஸ் ஒரு விரல் அளவு.

முந்தின நாள் இரவே நான்கு நட்டு போல்ட்டிலும் ஸ்பிரே அடித்து வையுங்கள். தேவகோட்டைக்குக் கிழக்கே, தொண்டிப் பக்கம் ஓடும் வண்டி என்றால் இரண்டு நாளுக்கு முன்பே. உப்புக்காற்றில் நட்டு போல்ட்டு ஒன்றாகப் பிடித்திருக்கும்.

இடம் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். செம்மண் வாசல் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை போடுங்கள், இல்லாவிட்டால் வேலை நடுவில் ஒரு கால் புதைந்து வண்டி சாயும். பழைய வீட்டு முகப்பில் நிழலுக்காக வண்டியை ஏற்றினால் ஆத்தங்குடிக் கல்லின் மேல் மட்டும் வேண்டாம். அது சுட்ட ஓடு அல்ல, கண்ணாடியின் மேல் வார்த்து எடுத்த சிமெண்ட் கல். பழைய ஷாக்கிலிருந்து நான்கு சொட்டு எண்ணெய் விழுந்தால் உள்ளே ஊறிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. வீட்டில் ஆச்சி இருந்தால் அதற்குப் பிறகு வண்டியும் நீங்களும் வெளியேதான். இரட்டைச் சாக்கு விரித்து, அதன் மேல் அட்டை போட்டுச் செய்யுங்கள்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தை ஒரு கல்லால் அணையுங்கள். இடப்பக்கச் சேலை கார்டின் ஒரு காலும், சில வண்டிகளில் பின் கைப்பிடிக் கம்பியும் ஷாக் நட்டோடு சேர்ந்தே மாட்டியிருக்கும். அவற்றை முதலில் எடுத்து, எந்த வாசர் எந்த வரிசையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சைலன்சர் கீழ் போல்ட்டை மறைத்தால் அதன் பின் போல்ட்டை மட்டும் கழற்றி ஒரு விரல் கீழே இறக்கினால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். மறுபக்க ஷாக் ஸ்விங் ஆர்மைப் பிடித்து வைத்திருப்பதால் புதியது தன் இடத்தில் லேசாகப் போய் உட்காரும். இரண்டையும் கழற்றிவிட்டால் சக்கரம் தொங்கி, துளையை நேருக்கு நேர் கொண்டுவரவே அரை மணி நேரம் போராட வேண்டும்.

மேல் நட்டை இளக்குங்கள், எடுக்க வேண்டாம். சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகி, எடை ஷாக்கில் இல்லாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். போல்ட்டு கையால் சுழல்கிறதா என்று பார்த்தாலே தெரியும். கீழ் போல்ட்டை உருவுங்கள், பிறகு மேல் நட்டை எடுத்து ஷாக்கை வெளிப்பக்கமாக இழுங்கள். வராவிட்டால் ரப்பர் சுத்தியால் உள்ளிருந்து வெளியே தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் மரை நசுங்கும்.

இப்போது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். புஷ் உட்காரும் இடத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் தேய்ந்திருந்தாலோ, கம்பு கீழே குனிந்திருந்தாலோ புது ஷாக் அங்கே நிற்காது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நட்டு கையாலேயே கடைசிவரை ஏறுகிறதா என்று சோதியுங்கள்.

புது ஷாக்கின் படி வளையத்தை முதல் படியில் வைத்துவிட்டு மாட்டுங்கள். இரும்புக் குழல் உள்ள புஷ்ஷாக இருந்தால் குழலின் உள்ளே மெல்லியதாக கிரீஸ் தடவலாம். வெறும் ரப்பரில் கிரீஸ் வேண்டாம். ரப்பர் ஊதி, ஆறு மாதத்தில் பிசுபிசுத்துப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். முதலில் மேல் கம்பில், பிறகு கீழே. துளை இரண்டு மூன்று மி.மீ. தள்ளி நின்றால் மரக்கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளியோ இழுத்தோ சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். போல்ட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள். வாசரும் நட்டும் போட்டு, கையால் முடிந்தவரை மட்டும் இறுக்கி, மறுபக்கத்துக்குப் போங்கள்.

இரண்டு பக்கமும் மாட்டியபின் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஓர் ஆளை உட்கார வைத்து, அந்த நிலையில்தான் கடைசி இறுக்கம். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி கீழே உட்காரும்போதெல்லாம் முறுகி முறுகிச் சீக்கிரம் கிழியும். இறுக்கத்தின் அளவு வண்டிப் புத்தகத்தில் உள்ளதே முடிவு. புத்தகம் இல்லாவிட்டால் 10 மி.மீ. மரைக்கு 30 நியூட்டன் மீட்டர் அளவு. டார்க் ஸ்பேனர் இல்லாதவர், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ அழுத்தம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கப் நட்டில் ஏறி மிதித்தால் உள்ளே மரை உருவும்.

ஓட்டும் முன்

ஸ்டாண்டு எடுத்த நிலையில் கூட ஓர் ஆள் சேர்ந்து வண்டியை ஆழமாக அமுக்கச் சொல்லி, நீங்கள் குனிந்து பாருங்கள். ஷாக்கின் உடம்பு செயின் கவரில் படுகிறதா, ஷாக்கில் ஒட்டிய சின்ன சிலிண்டர் வண்டியின் பக்கவாட்டு மூடியில் இடிக்கிறதா, இண்டிகேட்டர் ஒயர் ஸ்பிரிங் சுற்றுக்குள் மாட்டுகிறதா? விரல் நுழையும் இடம் எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும்.

செயின் தளர்வை மறுபடி பாருங்கள். ஸ்விங் ஆர்ம் கோணம் மாறினால் செயினும் மாறும். என்ஜின் பற்சக்கரம், ஸ்விங் ஆர்ம் மையம், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். வெறும் வண்டியில் அளவாக வைத்த செயின், இருவர் ஏறியதும் கம்பி மாதிரி விறைத்தால் கியர்பாக்ஸ் பேரிங்குக்குக் கேடு. பல சின்ன வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு. ஆளை ஏற்றிவைத்தும் விரலால் தட்டிப் பாருங்கள். பின் பிரேக் மிதியின் வெற்று அசைவும், ஹெட்லைட் விழும் உயரமும் இதோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டியவை.

பிறகு மறுபடி டேப். உட்காரும் அளவு நான்கையும் எடுத்து, ஓட்டுபவரோடு 30 முதல் 35 சதவீதம் வரும்வரை படியை மாற்றுங்கள்.

கம்பி வெளியே தெரியும் ஷாக் என்றால் அதில் மெல்லிய ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் டையோ கட்டி, உடம்போடு ஒட்டத் தள்ளிவிட்டு ஓட்டுங்கள். அது எவ்வளவு தூரம் நகர்ந்து நிற்கிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது. முதலில் தெருவுக்குள் பேவர் பிளாக்கில் மெதுவாக, அடுத்து இரண்டு வேகத்தடை, பிறகு ஒரு மண் தடம், கடைசியில் பிள்ளையார்பட்டி வரை தார் ரோட்டில் என்று ஏற்றுங்கள். மோசமான பள்ளத்தில் மட்டும் வளையம் கடைசியைத் தொட்டால் சரியான ஷாக். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தொட்டால் படி ஏற்ற வேண்டும். மண் தடத்திலும் பாதியைத் தாண்டாவிட்டால் உங்கள் சுமைக்கு அந்த ஸ்பிரிங் தேவைக்கு மேல் தடிப்பு.

மாட்டிய பிறகு வரும் தகராறுகள்

'டொக் டொக்' சத்தம் பெரும்பாலும் நட்டு தளர்வு அல்லது வாசர் விட்டுப்போனது. புஷ்ஷின் அகலம் குறைவாக இருந்து பக்கவாட்டில் ஓடினாலும் இதே சத்தம்தான். 'கிரீச்' என்றால் ஸ்பிரிங் கவரில் உராய்கிறது, அல்லது படி வளையம் இரண்டு பக்கமும் ஒரே படியில் இல்லை.

வேகத்தடையைத் தாண்டியபின் பின்பக்கம் ஆளைத் தூக்கிப்போட்டால், ஸ்பிரிங்குக்கு ஏற்ற எண்ணெய்த் தடை இல்லை. படியை இறக்கிப் பாருங்கள். அப்படியும் தூக்கிப்போட்டால் அந்த ஷாக் அந்த வண்டிக்குப் பொருந்தாது, மாற்றித்தரக் கேளுங்கள். அதனால்தான் பில்லும் பெட்டியும் ஒரு மாதமாவது இருக்கட்டும். சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் விறைப்பாக இருந்து, இருநூறு முந்நூறு கி.மீ. ஓடியதும் இளகினால் அது புது சீலின் பிடிப்பு, குறையில்லை.

நேர் ரோட்டில் பின்பக்கம் நெளிந்தால் ஷாக்கை விட்டுவிட்டு ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும், செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். செயினைத் தொட்டவர்கள் அச்சைக் கோணலாக விட்டிருப்பார்கள்.

100 கி.மீ. ஓடியதும் நான்கு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணக் கூட்டத்தோடு தண்ணீர் கேனும் பையும் கட்டிக்கொண்டு ஊர்ந்து போகிற வண்டி என்றால் கிளம்பும் முன் இன்னொரு முறை, அதோடு படியையும் ஐந்தில். ஊருக்குத் திரும்பியதும் படியை இறக்க மறந்துவிடாதீர்கள். வெறும் வண்டியை ஐந்தில் ஓட்டிவிட்டு ஷாக் சரியில்லை என்று கடைக்கு வருபவர்கள் மாசி மாதத்தில்தான் அதிகம்.

கழுவும்போது பிரஷர் கன்னைக் கம்பியும் சீலும் சேரும் இடத்தில் நேராகப் பிடிக்க வேண்டாம், மண்ணை அதுவே உள்ளே தள்ளும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழற்றிய பழைய ஜோடியில் ஒழுகாத ஒன்று இருந்தால் அதன் புஷ்ஷையும் நட்டையும் வாசரையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவைத்துவிட்டு, மீதியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.